விழுந்தவர்களை என்ன செய்வது?

(லெந்து நாட்களில் நடந்த ஒரு கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பிறரை நியாயந்தீர்ப்பதைப் பற்றியும் இரக்கத்தைப் பற்றியும் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். மலைப் பிரசங்கத்தில் ஆரம்பித்து, கெட்ட குமாரன் வீடு திரும்புவதில் முடிப்பேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அந்தப் பகுதிகளை ஞாயிறு பள்ளியில் மனப்பாடமாகச் சொல்லிப் பரிசு வாங்கியவர்கள் இங்கே நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். அவர்களுக்கு முன்னால் அதையே நான் ஒப்பிக்க வேண்டியதில்லை. எகிப்தில் மணலுக்குள் கிடந்து கிடைத்த ஒரு பழைய மனுவிலிருந்து தொடங்குகிறேன்.

கி.பி. 250ஆம் ஆண்டு, ஜூன் மாதம் 26ஆம் தேதி. மனு கொடுப்பவர் பெயர் அவுரேலியு தியோகேனேசு. ஊர், அலெக்சாந்தர் தீவு என்ற கிராமம். வயது 72. அங்க அடையாளம்: வலது புருவத்தில் தழும்பு. நம் ஊர்த் தாலுகா ஆபீஸ் மனு மாதிரியேதான் இருக்கிறது. தான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலி கொடுத்து வந்தவன் என்றும், இப்போதும் அரசாணைப்படி அதிகாரிகளின் கண்முன்னே பலியிட்டு, பானபலி ஊற்றி, படைத்ததைச் சாப்பிட்டதாகவும் சொல்லி, இதற்குச் சான்று தரும்படி கேட்கிறார். கீழே அதிகாரி பார்த்ததாகக் கையெழுத்து. இப்படிப்பட்ட பாப்பிரசுச் சான்றிதழ்கள் நாற்பதுக்கும் மேல் இதுவரை கிடைத்திருக்கின்றன. முதலில் வெளிவந்தது இந்த 72 வயதுப் பெரியவருடையதுதான், 1893இல்.

அவர் கிறிஸ்தவரா என்று கேட்டால், யாருக்கும் தெரியாது. ரோமப் பேரரசின் ராயன் தேசியுவின் ஆணை எல்லாருக்கும் பொது. முதலை உருவில் வணங்கப்பட்ட ஒரு தெய்வத்தின் பூசாரியம்மாளே போய் இந்தச் சான்றிதழை வாங்கியிருக்கிறார். அந்தத் தாளும் கிடைத்திருக்கிறது. பேரரசு ஆட்டங்கண்டிருந்த காலம். தெய்வங்களின் தயவு திரும்ப வேண்டும், அதற்குக் குடிமக்கள் அத்தனை பேரும் பலியிட வேண்டும் என்று ராயன் நினைத்தார். மற்றவர்களுக்கு அது ஒரு நாள் அலைச்சல். கிறிஸ்தவர்களுக்கு அது விசுவாசத்தை மறுதலிப்பது. மறுத்தவர்களுக்குச் சிறை, சொத்துப் பறிமுதல், நாடு கடத்தல், சித்திரவதை, சில இடங்களில் மரணம். ரோம் நகர ஆயர் ஃபேபியன் அந்த ஆண்டு ஜனவரி 20ஆம் தேதியே மரித்தார்.

நமக்கு ஆலயங்களில் சொல்லித் தந்தது இரத்தசாட்சிகளின் கதை. சிங்கத்தின் வாய்க்கு முன்னால் சங்கீதம் பாடிக்கொண்டு நின்றவர்களின் கதை. அது உண்மைதான். ஆனால் 250ஆம் ஆண்டில் பெரும்பாலானவர்கள் அப்படி நிற்கவில்லை. விழுந்தார்கள். கூட்டம் கூட்டமாக விழுந்தார்கள்.

வட ஆப்பிரிக்காவில், இன்றைய துனீசியாவில், கார்த்தேஜ் என்ற பெரிய நகரம். அதன் ஆயர் சிப்பிரியான் மனம் நொந்து எழுதி வைத்திருக்கிறார். பலிபீடத்துக்குப் போகிற வழியில் ஒரே நெரிசல். சாயங்காலமாகிவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்று அதிகாரிகள் சொல்கிறார்கள். வந்த கிறிஸ்தவர்களோ, ஐயா, நாளைக்குத் தள்ளாதீர்கள், இன்றைக்கே முடித்துவிடுங்கள் என்று கெஞ்சுகிறார்கள். கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்த பெற்றோர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அலெக்சாந்திரியாவில் நடந்ததை அங்கிருந்த ஆயர் தியோனீசியு எழுதியிருக்கிறார். சிலர் முகம் வெளிறி, கை கால் நடுங்கி, பலி கொடுக்க வந்தவர்களாக இல்லாமல் தாங்களே பலியாகப் போகிறவர்கள் போல வந்து நிற்கிறார்கள். சுற்றி நிற்கிற கூட்டம் கை கொட்டிச் சிரிக்கிறது: இவனுக்குச் சாகவும் தைரியமில்லை, பலியிடவும் தைரியமில்லை என்று. வேறு சிலர் விறுவிறுவென்று நடந்து போய், நான் ஒருநாளும் கிறிஸ்தவனாக இருந்ததில்லை என்று சத்தமாகச் சொல்கிறார்கள்.

251ஆம் ஆண்டில் கோத்தியரோடு நடந்த போரில் தேசியு செத்துப்போனார். அதற்குள்ளாகவே உபத்திரவம் தணிந்திருந்தது. இப்போது விழுந்தவர்கள் எல்லாரும் ஆலய வாசலுக்குத் திரும்பி வந்து நிற்கிறார்கள். எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள், திருவிருந்து கொடுங்கள் என்று அழுகிறார்கள். உள்ளே யார் இருக்கிறார்கள்? சிறையிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். புருஷனைப் பறிகொடுத்தவள் இருக்கிறாள். விலங்கு போட்ட தழும்பு காலில் ஆறாதவன் இருக்கிறான். பக்கத்து வீட்டுக்காரன் 50 காசுக்குப் பயந்து தூபம் போட்டதைக் கண்ணால் பார்த்தவன் இருக்கிறான். அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் வந்து அதே பாயில் மண்டியிட வேண்டும் என்கிறான்.

இரக்கம் என்ற சொல்லை இந்த இடத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். தனக்கு ஒரு நஷ்டமும் இல்லாத இடத்தில் இரக்கப்படுவது யாராலும் முடியும்.

இந்தக் கேள்விக்கு ரோமில் ஒரு பதில் வந்தது. நோவாத்தியன் என்ற மூப்பர். பெரிய கல்விமான், நல்ல எழுத்தாளர். விழுந்தவர்கள் வாழ்நாள் முழுக்க அழுது மனந்திரும்பட்டும், ஆனால் சபைக்குள் அவர்களுக்கு இடமில்லை, மன்னிக்கிறது தேவனுடைய வேலை, நம்முடையதல்ல என்றார். அதே 251இல் கொர்னேலியு ஆயராகத் தெரிந்தெடுக்கப்பட்டபோது, அவருக்குப் போட்டியாகத் தன்னையும் ஆயராக்கிக்கொண்டார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் தங்களைத் தூய்மையானவர்கள் என்று அழைத்துக்கொண்டார்கள். கொர்னேலியு தன் கடிதத்தில் நோவாத்தியனைப் பற்றி ஒரு கதை சொல்கிறார். உபத்திரவ நாட்களில் நோவாத்தியன் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாராம். சகோதரர்கள் ஆபத்தில் இருக்கிறார்கள், வெளியே வந்து உதவி செய்யும் என்று உதவிக்காரர்கள் வந்து கூப்பிட்டபோது, எனக்கு இனி மூப்பர் வேலை வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். எதிராளி எழுதியது, அப்படியே நம்ப வேண்டியதில்லை. தேர்தலில் நின்ற யாரைப் பற்றியும் எதிர்க்கட்சி என்னதான் சொல்லாது! நம்முடைய திருமண்டலத் தேர்தல்களைப் பார்த்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் விழுந்தவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று மறுபக்கம் நின்றவர்களைப் பற்றி, அவர்களே தங்கள் வாயால் சொன்னது நமக்கு இருக்கிறது. அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

அலெக்சாந்திரிய ஆயர் தியோனீசியுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆணை வந்ததும் அவரைப் பிடிக்க ஆள் வருகிறான். இவர் நான்கு நாள் தன் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார். வந்தவன் ரோடு, ஆறு, வயல் எல்லாம் தேடுகிறான். வீட்டில் இருப்பார் என்று அவனுக்குத் தோன்றவேயில்லை. பிறகு கிளம்பிப் போகும்போது அகப்பட்டுக்கொள்கிறார். இதைத் தெரிந்து பதறி ஓடிய சகோதரன் ஒருவனை வழியில் ஒரு கிராமத்துக்காரர் பார்த்து என்ன ஏது என்று விசாரிக்கிறார். அவர் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர். அங்கே போய் விஷயத்தைச் சொல்ல, பந்தியில் இருந்தவர்கள் மொத்தமாக எழுந்து, சத்தம் போட்டுக்கொண்டு ஓடி வருகிறார்கள். காவல் இருந்த சிப்பாய்கள் ஓட்டம் பிடிக்கிறார்கள். ஆயரோ, வந்தவர்களைக் கொள்ளைக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டு, கட்டிலில் கிடந்தபடியே தன் துணிமணிகளை எடுத்து நீட்டுகிறார்! விஷயம் புரிந்ததும், என்னை விட்டுவிட்டுப் போய்விடுங்கள், இல்லாவிட்டால் நீங்களே என் தலையை வெட்டிவிடுங்கள் என்று கத்துகிறார். அவர்கள் காதில் வாங்கவில்லை. கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, வெளியே கொண்டுபோய்க் கழுதை மேல் ஏற்றிவிடுகிறார்கள்.

இதை அவர் ஒளித்து வைத்திருக்கலாம். தேவன் தம் தூதனை அனுப்பினார் என்று பூசி மெழுகியிருக்கலாம். நடந்தபடியே எழுதி வைத்தார். தான் உயிரோடு இருப்பது தன் தைரியத்தினால் அல்ல, சாப்பாட்டுப் பந்தியிலிருந்து எழுந்து வந்த சில முரட்டு மனிதர்களால் என்பது அவருக்குத் தெரியும். அப்படித் தெரிந்த மனிதர்தான் விழுந்தவர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்தார்.

அந்தியோகியாவின் ஆயர் ஃபேபியு நோவாத்தியன் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தார். அவருக்குத் தியோனீசியு எழுதிய கடிதத்தின் பகுதிகளை வரலாற்றாசிரியர் யூசேபியு காப்பாற்றித் தந்திருக்கிறார். அதில் ஒரு கிழவர் வருகிறார். பெயர் செராப்பியோன். காலமெல்லாம் பழுதில்லாமல் வாழ்ந்தவர். சோதனை வந்தபோது பலியிட்டுவிட்டார். பிறகு தன்னைச் சேர்த்துக்கொள்ளும்படி எத்தனையோ தரம் கெஞ்சினார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. நோயில் விழுந்தார். மூன்று நாள் பேச்சு மூச்சில்லை. நான்காம் நாள் கொஞ்சம் நினைவு திரும்பியது. மகள் வயிற்றுப் பேரனைக் கூப்பிட்டு, ஐயா, என்னை இன்னும் எவ்வளவு நேரம் பிடித்து வைத்திருப்பீர்கள், போய் மூப்பரைக் கூட்டிவா என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டு மறுபடி நினைவிழந்தார்.

ராத்திரி நேரம். பையன் ஓடுகிறான். மூப்பரும் அங்கே நோயாகக் கிடக்கிறார். எழுந்து வர முடியவில்லை. ஆனால் ஆயர் தியோனீசியு முன்கூட்டியே ஒரு உத்தரவு போட்டிருந்தார்: மரணப் படுக்கையில் இருப்பவர்கள் கேட்டால், அதிலும் முன்பே கெஞ்சியிருந்தால், அவர்களை மன்னித்து நம்பிக்கையோடு அனுப்பிவிடுங்கள் என்று. அந்த உத்தரவை வைத்து மூப்பர் திருவிருந்து அப்பத்தில் ஒரு சிறு துண்டைப் பையன் கையில் கொடுத்து, இதை நனைத்துத் தாத்தா வாயில் சொட்டு சொட்டாக விடு என்கிறார். பையன் வாசற்படி ஏறுவதற்குள் கிழவருக்கு மறுபடி நினைவு வருகிறது. வந்துவிட்டாயா கண்ணு, மூப்பரால் வர முடியவில்லை போலிருக்கிறது, அவர் சொன்னதைச் சீக்கிரம் செய், நான் போகிறேன் என்கிறார். பையன் நனைத்து வாயில் விடுகிறான். கிழவர் கொஞ்சம் விழுங்குகிறார். உயிர் போய்விடுகிறது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அற்புதம் அல்ல, அந்த உத்தரவு. ஆயர் அந்த இரவில் அங்கே இல்லை. செராப்பியோன் யாரென்று அவருக்கு அப்போது தெரிந்திருக்கவேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் இப்படி ஒரு ராத்திரி, இப்படி ஒரு வீட்டில் வரும், அப்போது கமிட்டி கூட்டிக்கொண்டிருக்க நேரம் இருக்காது என்று முன்னாலேயே யோசித்து ஒழுங்கு செய்து வைத்திருக்கிறார். இரக்கத்தை மனசு இளகுகிற நேரத்துக்கு விட்டுவைக்காமல் ஒரு ஏற்பாடாகச் செய்துவைத்தார். மனசு இளகும் என்று நம்பியிருந்தால் அந்தக் கிழவர் அப்படியேதான் செத்திருப்பார். அதுவரை யாருக்கும் இளகவில்லையே.

சிப்பிரியான் வேறு மாதிரி ஆள். பேச்சுக்கலை ஆசிரியர், வசதியானவர், ஆயராகி ஓரிரு வருஷம்கூட ஆகவில்லை. உபத்திரவம் தொடங்கியதும் ஊரை விட்டு மறைந்துபோய், ஒளிவிடத்திலிருந்து கடிதங்கள் மூலமாகச் சபையை நடத்தினார். ஆட்டை விட்டு ஓடுகிற கூலியாளைப் பற்றிய வசனத்தை ஞாபகப்படுத்துகிற மாதிரி ரோமிலிருந்து குருமார் ஒரு கடிதம் எழுதினார்கள். அதற்கு அவர் செய்த காரியம் ரசிக்கத்தக்கது: கடிதத்தை அவர்களுக்கே திருப்பி அனுப்பி, இதன் எழுத்தும் நடையும் தாளும் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது, நீங்கள் எழுதியதுதானா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டார்.

ஆனால் விழுந்தவர்கள் விஷயத்தில் அவர் எடுத்தவுடன் கதவைத் திறந்துவிடவில்லை. கார்த்தேஜில் ஒரு வினோதம் நடந்தது. சிறையில் துன்பப்பட்ட விசுவாச வீரர்கள், விழுந்தவர்களுக்குச் சமாதானக் கடிதம் கொடுக்க ஆரம்பித்தார்கள். பெயர்கூட இல்லாமல், இன்னாரையும் அவரைச் சேர்ந்தவர்களையும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று மொத்தமாக எழுதிக் கொடுத்தார்கள். ஒரே கடிதத்தைக் காட்டி இருபது பேர், முப்பது பேர் வந்து நிற்பார்களே என்று சிப்பிரியான் கோபப்பட்டார். இது சமாதானம் அல்ல, காயத்தை மூடி வைப்பது என்பது அவர் எண்ணம். அப்படியானால் அவர் நோவாத்தியன் கட்சியா? இல்லை. அவரைப் பொறுத்தவரை, ஆளைப் பார்க்காமல் எல்லாரையும் உள்ளே விடுவதும் ஆளைப் பார்க்காமல் எல்லாரையும் வெளியே நிறுத்துவதும் ஒரே சோம்பேறித்தனத்தின் இரண்டு பக்கங்கள்.

அந்தோனியானு என்ற ஆயருக்கு அவர் எழுதிய நீண்ட கடிதம் இருக்கிறது. நோவாத்தியனின் கடிதத்தைப் படித்துக் குழம்பிப் போயிருந்தவர் இந்த அந்தோனியானு. சிப்பிரியான் பொறுமையாக ஒவ்வொரு ஆளாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறார். ஆணை வந்த முதல் நாளே தானாகப் போய்ப் பலியிட்டவன் ஒருவன். நெடுநேரம் தாக்குப்பிடித்து, முடியாமல்போய்க் கடைசியில் கை நீட்டினவன் இன்னொருவன். தன்னோடு பெண்டாட்டி பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு போனவன் ஒருவன். தான் ஒருவன் மட்டும் போய்ப் பலியிட்டு, அதனாலேயே மனைவியையும் மக்களையும் வீட்டையும் காப்பாற்றியவன் வேறொருவன். அவன் தன் குத்தகைக்காரர்களையும் காப்பாற்றினான், உபத்திரவத்துக்குத் தப்பி வந்த சகோதரர்களுக்குத் தன் வீட்டில் இடமும் கொடுத்தான். பலியே இடாமல் லஞ்சம் கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கினவன் இன்னொருவன். நான் கிறிஸ்தவன், பலிபீடத்துக்கு வரமாட்டேன், அதற்குத்தான் இந்தப் பணம் என்று அதிகாரியிடம் சொல்லியே கொடுத்திருக்கிறான்; அதுவும் பாவம் என்று இப்போதுதான் அவனுக்குத் தெரிகிறது, அழுகிறான். இவர்களை எல்லாம் ஒரே தராசில் போடலாமா என்று கேட்கிறார். சான்றிதழ் மட்டும் வாங்கினவர்களை விசாரித்துச் சேர்த்துக்கொள்ளலாம். பலியிட்டவர்கள் மனந்திரும்பி வாழட்டும், மரண நேரத்தில் சமாதானம் கொடுக்கலாம் என்று 251இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்களின் சங்கம் முடிவு செய்தது. நோவாத்தியன் மனந்திரும்பு என்கிறான், ஆனால் மன்னிப்பு கிடையாது என்கிறான். உழவனைப் பார்த்து, நீ உழு, விதை, களை எடு, ஆனால் ஒருநாளும் அறுக்கமாட்டாய் என்று சொன்னால் அவன் ஏர் பிடிப்பானா என்பது சிப்பிரியானின் வாதம்.

நின்றவர்கள் விழுந்தவர்களை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு இன்னொரு சாட்சி. செலெரீனு என்ற வாலிபன். ரோமில் ராயனுக்கு முன்பாகவே நிறுத்தப்பட்டவன், 19 நாள் விலங்கிலும் தொழுமரத்திலும் கிடந்து விடுதலையானவன். அவன் கார்த்தேஜிலிருந்த நண்பன் லூசியானுக்கு எழுதிய கடிதம் சிப்பிரியானின் கடிதத் தொகுப்போடு சேர்ந்து நமக்குக் கிடைத்திருக்கிறது. சகோதரிகள் என்று அவன் சொல்லும் இரண்டு பெண்கள் விழுந்துவிட்டார்கள். ஒருத்தி பலியிட்டாள், ஒருத்தி பணம் கொடுத்துத் தப்பினாள். அந்த வருஷம் பஸ்காவின் சந்தோஷ நாட்களை இரட்டு உடுத்திச் சாம்பலில் உட்கார்ந்து இரவும் பகலும் அழுதே கழித்தேன் என்கிறான். அதோடு அவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்றும் எழுதுகிறான்: கார்த்தேஜிலிருந்து துரத்தப்பட்டு வருகிறவர்களைத் துறைமுகத்துக்கே போய்க் கூட்டிவந்து 65 பேரைப் பராமரிக்கிறார்கள். பெண்களின் வீழ்ச்சியை அவன் குறைத்துச் சொல்லவில்லை. பாவத்தைப் பாவம் என்றே எழுதுகிறான். ஆனால் அவர்களுடைய முழு விவரமும் அவனிடம் இருக்கிறது. விழுந்த நாள் மட்டும் அல்ல, அதற்குப் பிறகு வந்த நாட்களும்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். நம்மை யாரும் பலிபீடத்துக்கு இழுக்கவில்லை. நம் விழுகைகள் வேறு. ஒரு கிராமச் சபையில் நடந்ததை அங்கே கமிட்டியில் இருந்த ஒருவர் எனக்குச் சொன்னார். இளம் தாய். கைப்பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. புருஷன் வெளிநாட்டில். வீட்டில் பெரியவர்கள் வற்புறுத்த, ஒரு கோடாங்கியிடம் கொண்டுபோய் மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பிள்ளையின் மணிக்கட்டில் கருப்புக் கயிறு; சட்டைக் கையை இழுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள், பிள்ளை கையை உயர்த்திவிட்டது. பெண்கள் பக்கத்தில் பின்வரிசையிலிருந்து பார்த்தவர்கள் பார்த்தார்கள். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் அது ஒரு பொருளாக வந்தது. விசுவாச மறுதலிப்பு, திருவிருந்துக்கு விலக்கி வைக்க வேண்டும் என்று ஒருவர். எச்சரித்து விடலாம் என்று ஒருவர். முன்பு இன்னாருக்கு எப்படிச் செய்தோம், மினிட் புத்தகத்தைப் பார்ப்போம் என்று ஒருவர். நெடுநேர விவாதம். அந்த வீடு ஆலயத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி. யாரும் போய் அவளைப் பார்த்திருக்கவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்பது அந்த அறையில் ஒருவருக்கும் தெரியாது.

அவள் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. சிப்பிரியானும் சொல்லமாட்டார். ஆனால் அவர் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் கேட்டிருக்கக்கூடிய கேள்விகள் எனக்குத் தெரிகின்றன. தானாகப் போனாளா, தள்ளிவிட்டார்களா? எத்தனை நாள் மறுத்தாள்? ஆஸ்பத்திரிக்குப் போகக் கையில் பணம் இருந்ததா? ஜெபிக்க வாருங்கள் என்று இதற்கு முன் யாரையாவது கூப்பிட்டாளா, கூப்பிட்டபோது நாம் போனோமா? அந்தக் கடைசிக் கேள்வி வந்திருந்தால் கூட்டம் சீக்கிரமே முடிந்திருக்கும்.

தற்கொலை செய்துகொண்டவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுக்காமல், சுவருக்கு வெளியே புதைத்த காலத்தைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில், தெரிந்து மனதாரத் தற்கொலை செய்துகொண்டவர்கள், திருச்சபை அடக்கம் மறுக்கப்படுகிறவர்களின் பட்டியலில் இருந்தார்கள். 1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் அந்த வரி இல்லை. 1992இல் வந்த மறைக்கல்வி நூல், கடுமையான மனநோயும் வேதனையும் பயமும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கலாம் என்கிறது, அவர்களுடைய இரட்சிப்பைக் குறித்து நம்பிக்கை இழக்க வேண்டாம் என்கிறது. தற்கொலை சரி என்று யாரும் மாற்றிச் சொல்லவில்லை. அந்த மனிதனுக்குள் அப்போது என்ன நடந்தது என்று பார்க்கக் கற்றுக்கொண்டார்கள், அவ்வளவுதான். நாம் சீர்திருத்தச் சபைக்காரர்கள், கத்தோலிக்கரைவிட முன்னேறியவர்கள் என்று சொல்லிக்கொள்கிறோம். இந்த விஷயத்தில் எத்தனை சேகரங்களில் இன்னும் வாசலில் நிறுத்தி வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஒரு இடத்தில் மட்டும் நான் கறாராக இருக்க வேண்டியிருக்கிறது. இரக்கம் என்ற பெயரில் சபைகள் செய்கிற ஒரு அநியாயம் உண்டு. ஒரு ஊழியர் ஒரு சிறுபிள்ளையிடம் தவறாக நடந்துகொள்கிறார். விஷயம் தெரிகிறது. அவர் மனந்திரும்பிவிட்டார், கல்லெறிய நாம் யார், சபையின் பெயர் கெட்டுவிடும் என்று சொல்லி, அடுத்த ஊருக்கு மாற்றிவிடுகிறார்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி இப்படித் தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். சட்டத்தை விடுங்கள். பிள்ளை பட்ட காயத்தைப் பெரியவர்கள் உட்கார்ந்து மன்னிப்பது எந்த வேதத்தில் இருக்கிறது? சிப்பிரியானுக்குக் கோபம் வந்தது இதே மாதிரி ஒரு காரியத்துக்குத்தான். ஆளைப் பார்க்காமல், காயத்தைத் திறக்காமல், கடிதத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவது. இரக்கம் முதலில் போய் நிற்க வேண்டிய வீடு அந்தப் பிள்ளையின் வீடு. செய்தவருக்காக ஜெபிக்கலாம், ஜெயிலுக்குப் போய் அவரைப் பார்க்கலாம். அதுவும் கிறிஸ்தவக் கடமைதான். ஆனால் ஜெயிலுக்குப் போய்ப் பார்க்க வேண்டுமானால் அவர் முதலில் ஜெயிலில் இருக்க வேண்டும்.

நோவாத்தியன் கட்சியின் பிற்காலத்தைப் பற்றி ஒரு செய்தி. 325ஆம் ஆண்டு நிசேயாவில் பெரிய சங்கம் கூடியது. நோவாத்தியன் சபையின் ஆயர் அசேசியு அங்கே வந்திருந்தார். விசுவாசப் பிரமாணத்தை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் விழுந்தவர்களோடு ஒரே பந்தியில் உட்காரமாட்டேன் என்றார். அப்படியானால் ஏணி ஒன்றை வைத்துக்கொண்டு நீர் மட்டும் தனியாகப் பரலோகத்துக்கு ஏறிப்போம் என்று ராயன் கான்ஸ்டன்டைன் சொன்னதாக வரலாற்றாசிரியர் சோக்ராத்தேசு எழுதுகிறார். எல்லாரும் ரசித்துச் சொல்கிற கதை. எனக்கு அதைவிட அந்தச் சங்கம் எழுதிய எட்டாவது சட்டம்தான் பெரிதாகத் தெரிகிறது. நோவாத்தியன் கட்சியின் குருமார் திரும்பி வந்தால், அவர்களை அவர்களுடைய குருப்பட்டத்தோடேயே ஏற்றுக்கொள்ளலாம். விழுந்தவர்களோடும் மறுமணம் செய்தவர்களோடும் ஐக்கியமாக இருப்போம் என்று எழுதிக் கொடுத்தால் போதும் என்கிறது அது. எழுபது வருஷத்துக்கு மேல் மற்றவர்களை நியாயந்தீர்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் சபை வாசலைத் திறந்தது. நியாயந்தீர்க்கிறவர்களை நியாயந்தீர்ப்பது நம்மில் பலருக்கு இன்றைக்கு ஒரு புதிய பக்தியாகிவிட்டது. பரிசேயனைத் திட்டுகிற பிரசங்கத்தைப் போல் கேட்க இனிமையானது வேறில்லை.

கடைசியாக, எப்போதும் எழுகிற ஆட்சேபம். இப்படி இரக்கம் காட்டிக்கொண்டே போனால் எவனுக்கும் பயம் இருக்காதே, எல்லாரும் விழுந்துவிடுவார்களே? இது புதிய பயம் அல்ல. யோவான் சுவிசேஷத்தின் எட்டாம் அதிகாரத்தில் விபசார ஸ்திரீயின் சம்பவம் இருக்கிறதே, அது மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளில், சினாய்ப் பிரதியிலும் வத்திக்கான் பிரதியிலும்கூட, இல்லை. ஐந்தாம் நூற்றாண்டில் அகஸ்தீன் இதைப் பற்றி எழுதும்போது, தங்கள் மனைவிமார் இதைப் படித்துவிட்டுத் துணிந்துவிடுவார்களோ என்று பயந்து சில ஆண்கள் அந்தப் பகுதியைப் பிரதிகளிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று சந்தேகப்படுகிறார். இன்றைய அறிஞர்களில் பெரும்பாலோர் அது பிற்பாடு சேர்க்கப்பட்டது என்றே கருதுகிறார்கள். எப்படியானாலும், அகஸ்தீனுக்கு அந்த ஆண்களின் பயம் நன்றாகத் தெரிந்திருந்தது. எந்த ஊர் ஆண்களைப் பற்றியும் அப்படிச் சந்தேகிக்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

அந்தோனியானுவும் இதே கேள்வியைத்தான் மனசில் வைத்திருந்தார். சிப்பிரியான் சுற்றிவளைக்காமல் பதில் சொல்கிறார். விபசாரம் செய்தவர்களுக்குச் சபை ஏற்கெனவே மனந்திரும்பக் காலம் கொடுத்துச் சேர்த்துக்கொள்கிறது. அதனால் கற்போடு வாழ்கிறவர்கள் கெட்டுப்போய்விட்டார்களா என்று கேட்கிறார். பிறகு ஓரிரு ஆண்டுகளில் அடுத்த உபத்திரவம் வரும் அறிகுறி தெரிந்தபோது, ஆப்பிரிக்க ஆயர்கள் மறுபடி கூடி, பலியிட்டு மனந்திரும்பிக் காத்திருந்த எல்லாரையும் மரணம் வரை காக்க வைக்காமல் உடனே சேர்த்துக்கொள்ளத் தீர்மானித்தார்கள். யுத்தத்துக்குப் போகிறவர்களை ஆயுதம் இல்லாமல் அனுப்பக்கூடாது என்பது அவர்கள் சொன்ன காரணம். பயந்த மாதிரி என்ன நடந்தது? ரோமில் ஆயர் கொர்னேலியு கைதானபோது சிப்பிரியான் அவருக்கு ஒரு வாழ்த்துக் கடிதம் எழுதினார். அதில், முன்பு விழுந்திருந்தவர்கள் எத்தனை பேர் இப்போது உங்களோடு சேர்ந்து அறிக்கை செய்து எழுந்து நின்றிருக்கிறார்கள் என்று சந்தோஷப்படுகிறார். 258ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் தேதி சிப்பிரியானும் தலை வெட்டப்பட்டு மரித்தார். முதல் தடவை ஒளிந்துகொண்டவர், இந்தத் தடவை தன் ஊரிலேயே, தன் ஜனங்கள் பார்க்க மரிக்க வேண்டும் என்று விரும்பி அங்கே காத்திருந்தார்.